செருப்பு

இரண்டாம் நாள் பிற்பகலாகியும் எமிலியாஸ் முன்னால் இருந்த பந்தயச் சிப்ஸ் குவியல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. போக்கர் போட்டியில் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு ஜெயிக்கவும் வழியில்லை, வீட்டுக்குப் போகவும் வழியில்லை. எதிரே இருந்த ஹபீபா, அதே உயரமுள்ள தன் குவியல் மொத்தத்தையும் நடுவே தள்ளினாள். ஏற்றுக்கொண்டால், தோற்பவர் எழுந்து போக வேண்டியதுதான். அவனிடம் இருந்தவை இரண்டு நான்குகள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பந்தயத்துக்கு அவன் என்றும் போனதில்லை. இடுப்பு கடுத்தது. மேசைக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"பார்த்துடலாம்க்கா."

அவள் திருப்பிக் காட்டியது எதற்கும் ஆகாத ஏழும் இரண்டும். டீலர் இருவருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டுகளும் அவளுக்கு உதவவில்லை.

"நீங்க ஆடுங்க தம்பி," என்று ஹபீபா உடனே எழுந்தாள். செருப்பு ஏற்கெனவே அவள் காலில் இருந்தது.

டீலர் இரண்டு குவியல்களையும் எமிலியாஸ் பக்கம் நகர்த்த, அதைப் பார்த்துக்கொண்டே அவன் செருப்பைக் கழற்றினான்.