பித்தப்பை

சுறா மேசையில் மல்லாந்து கிடந்தது. வெள்ளை வயிறு மேலே.

காலையில் வந்த மீன். பள்ளிக்கூட விஞ்ஞான அறையின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் வரை கிடந்ததில் மூத்திர நாற்றம் எடுத்துவிட்டது. கடலின் உப்பைத் தாங்குவதற்காகச் சுறா தன் தசையிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கும். உயிர் போனதும் அது அமோனியாவாக உடையும். காரணத்தை லோறன்ஸ் போன வாரம்தான் புத்தகத்தில் படித்தான். மீன் வெட்டி விற்கிற வீட்டுப் பிள்ளை; நாற்றத்தை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மற்றவர்கள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்திருந்தாள். பின்னாலிருந்து ஒருவன் லோறன்ஸிடம், இன்றைக்கு மீன் இறாத்தல் என்ன விலை என்று கேட்டான். சிரித்தார்கள். விலங்கியல் படிப்பிக்கிற தில்லைநாதன் மாஸ்டரும் சிரித்தார்.

எஸ்.எஸ்.ஸி. சித்தியடைந்து வந்தவர்களை அந்தக் கிழமை இரண்டு அறைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பௌதிகமும் இரசாயனமும் எல்லோருக்கும் பொது. பாதை பிரிவது மற்ற இரண்டு பாடங்களில்தான். தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் டாக்டர்ப் பக்கம். தூய கணிதமும் பிரயோக கணிதமும் எடுத்தால் எஞ்சினியர்ப் பக்கம். அந்த இரண்டு கணிதமும் இல்லாதவன் எஞ்சினியர் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்புவது தபால் முத்திரைக்குக் கேடு.

லோறன்ஸ் கேட்டது கணிதம்.

ஒருமுறை இரணைமடு அணைக்கட்டில் பார்த்திருந்தான். ஒரு மெலிந்த மனிதன் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, ஒரு குளத்துத் தண்ணீர் சாய்ந்து நின்ற இரும்புக் கதவு ஒரு திருகாணித் தண்டில் மெல்ல மேலே எழும்பியது. திருகாணி என்பது ஒரு நீண்ட சரிவைத் தண்டில் சுற்றி வைத்ததுதான் என்று வீடு வந்து சேர்வதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

மாஸ்டர் அவனுடைய பெயரை விலங்கியலில் போட்டிருந்தார். அவனை டாக்டராக்கிப் பார்க்கிற ஆசை அவருக்கு இல்லை. அந்த வகுப்பில் கத்தியைத் தொட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"உங்கட ஆக்களுக்குக் கையிலயே ஊறின வித்தையடா. நீ வெட்டு, இதுகள் பாத்து எழுதட்டும்."

லோறன்ஸ் கெஞ்சியபோது மாஸ்டர் ஒரு வழி விட்டிருந்தார். இன்றைக்கு வெட்டிக் காட்ட வேண்டும். கை சரிவந்தால் இங்கேதான். சரிவராவிட்டால் கணக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகலாம்.

 அந்த 'வித்தை' என்ற சொல் லோறன்ஸின் நாக்கின் அடியில் கிடந்து ஊறியது.

வயிற்றை நேர்கோடாகத் திறந்தான். யாரோ 'சீ' என்றார்கள்.

உள்ளே ஈரல், இரண்டு நீள மடல்களாக, எண்ணெய் நிறைந்து கிடந்தது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. தண்ணீரை விடப் பாரம் குறைந்த அந்த எண்ணெய்தான் அதைத் தாழவிடாமல் வைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சாண் குடல். அதற்குள்ளே ஓலைப்பாயைச் சுருட்டி வைத்ததுபோல ஒரு தோல். சாப்பாடு அந்தச் சுருளின் ஒவ்வொரு மடிப்பிலும் பட்டுத்தான் வெளியேற வேண்டும். ஒரு சாணுக்குள் இவ்வளவு பரப்பை அடைத்தவன் யார் என்று கேட்க அவன் வாயெடுத்தான். மாஸ்டர் தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, கெதியாக வெட்டச் சொன்னார்.

ஈரலின் ஒரு மடலுக்குள் பாதி புதைந்து, கரும்பச்சையாகப் பித்தப்பை இருந்தது.

மீன் வெட்டுகிற எவரும் முதலில் தேடுவது அதைத்தான். உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். கரையில் அதை உடைக்கிற பெண்ணிடம் அடுத்த மீனைக் கொடுக்கமாட்டார்கள்.

லோறன்ஸ் கத்தியின் நுனியை அதற்குள் இறக்கித் திருப்பினான்.

பச்சை நீர் பீறிட்டு ஈரலில் ஓடியது, மேசையில் ஓடியது, மாஸ்டரின் வேட்டியிலும் தெறித்தது. குடல் வழுக்கிக்கொண்டு நிலத்தில் விழுந்தது.

"சீ, மூதேவி. கொம்மா உனக்கு இதாவது பழக்கேல்லையோ? போ, கணக்கோட போய்ச் சா."

வென்றுவிட்டான். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அது முகத்துக்கு வருவதற்குள் வாசலைப் பார்த்தான்.

சூசையம்மா நின்றாள். அவனுடைய தாய். காலையில் சுறாவைக் கொண்டுவந்து இறக்கியவள், வெறும் ஓலைக் கடகத்தை எடுத்துப்போக வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஏழு வயதில் அவனுடைய கைக்கு மேல் தன் கையை வைத்துக் கத்தி பிடிக்கப் பழக்கியவள்.

அவள் அந்தப் பையைப் பார்த்தாள். கை தவறினால் கீறல் விழும். இது குத்து. அது அவளுக்குத் தெரியாமல் போகாது.

நல்ல மீனைப் பாழாக்குகிறவர்களைக் கண்டால் அவளுடைய உதடு கோணும். இப்போதும் கோணியது. தன்னை அவள் அப்படிப் பார்த்து லோறன்ஸ் கண்டதில்லை. இவன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், மாஸ்டர் அவனை இந்த மேசையிலேயே கட்டிப்போட்டுவிடுவார்.

"இவனுக்கு மீன் மணமே ஆகாது, ஐயா. வீட்டில கத்தி தொடமாட்டான்."

சொல்லிவிட்டு, உள்ளே வந்து நிலத்தில் குந்தினாள். வழுக்கிய குடலை இரண்டு கையாலும் அள்ளிக் கடகத்துக்குள் போட்டாள். பச்சை நீர் அவளுடைய முழங்கை வரை வழிந்தது. 

லோறன்ஸ் குனிந்தான். அவளுடைய கைக்குப் பக்கத்தில் அவனுடைய கை தானாகவே போனது.

அவள் நிமிரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"தொடாதை. மூக்கைப் பொத்திக்கொண்டு போ."

அவன் மூக்கைப் பொத்தினான். எல்லோரும் பார்க்க, அவளைச் சுற்றிக்கொண்டு, கணித அறைக்கு நடந்தான்.