ஒத்திகை நோயாளி

மாணவர்கள் யாரும் ஸ்ட்ரெச்சரில் படுக்கக் கூடாது என்று விதி இருந்ததால் நான் படுக்க வேண்டியதாயிற்று.

மண் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பன்னிரண்டு மாணவர்களுக்கும் காப்புறுதி உண்டு. ஆனால் ஒத்திகையில் கீழே விழுந்தால் அது செல்லாதாம். என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

சொன்னவர் ஹெலன் மிஸ். அந்த மாணவர்களுடைய பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி. நான் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் பிரியந்தி.

ஹெலன் மிஸ்ஸுக்கு எல்லாமே ஆபத்து. ஆட்டோ ஆபத்து, பஸ் மிதிபலகை ஆபத்து, கொட்டகலைக் கடை வடை மகா ஆபத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒத்திகை, குளவி கொட்டி மூச்சுத் திணறும் மாணவி. அப்படி எழுதிய சீட்டு ஒன்றை என் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பத்து மணிக்கு நான் விசில் ஊத வேண்டும். எங்கள் தோட்டத்து ஜீவராஜும் இன்னும் மூன்று பையன்களும் என்னைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, ஒத்திகைக்காகப் பல்கலைக்கழகம் ரோட்டில் நிறுத்தியிருக்கும் அம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அது டவுன் ஆஸ்பத்திரி வரை போகும். உள்ளே தாதி உண்டு, ஆக்ஸிஜன் உண்டு.

ஒன்பது நாற்பதுக்கு, அதே மலையின் மறுபக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி அக்காவை நிஜக் குளவி கொட்டியது.

ஒன்றிரண்டல்ல. கூடே கலைந்துவிட்டது. மற்றப் பெண்கள் ஓடித் தப்பினார்கள். அக்கா கால் இடறி விழுந்துவிட்டாள்.

நானும் ஜீவராஜும் பையன்களும் ஓடிப்போய்த் தூக்கி வந்தபோது அவள் முகத்தில் கண் இருந்த இடம் தெரியவில்லை. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது.

டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கொழுந்து லொறி ஃபெக்டரிக்குப் போய்விட்டது. அவசர அம்புலன்ஸைக் கூப்பிட்டால் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அக்காவுக்கு அவ்வளவு நேரம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கீழே நின்ற அம்புலன்ஸ் சாரதிக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, பேப்பர்ல கெம்பஸ் ஆளுங்க மட்டும்னு போட்டிருக்கு. வேற ஆள ஏத்துனா என் வேல போயிடும்."

ஹெலன் மிஸ்ஸைக் கேட்டிருக்கலாம். அவர் தன் நாட்டு ஆபிஸைக் கேட்பார். அங்கே அப்போது விடியற்காலை. ஆபிஸ் திறந்து, கூட்டம் போட்டு, பதில் வருவதற்குள் அக்காவுக்குக் காரியமே முடிந்திருக்கும்.

ஜீவராஜ் என் கழுத்தையே பார்த்தான்.

"சீட்டக் கழட்டு புள்ள. இன்னைக்கு அக்காதான் கெம்பஸ்."

அக்காவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, சீட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டினேன். கொழுந்து பறிக்க அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து எறிந்தோம். கம்பளியைத் தாடை வரை இழுத்துவிட்டேன். பத்து மணியாகவில்லை. இருந்தாலும் விசிலை ஊதினேன். ஹெலன் மிஸ் எதற்கும் அரை மணி நேரம் முந்தி வந்து நிற்பவர், கீழே ரோட்டில் கடிகாரத்தை அமுக்கியிருப்பார்.

பையன்கள் பறந்தார்கள். நான் செடிகளுக்குள் குனிந்து குனிந்து பின்னாலேயே இறங்கினேன். என் காலில் ஏறிய அட்டைகளுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்.

ரோட்டோரச் செடிக்குள் பதுங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஹெலன் மிஸ் ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்து முகத்தைப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார். கம்பளி விலகியிருந்தது. வெடித்த குதிகால், கறையேறிய விரல்கள், அதில் மெட்டி வேறு.

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அவர் கம்பளியை இழுத்துக் காலை மூடிவிட்டார். மேக்கப் பிரமாதம் என்று தாதியிடம் சொன்னார். ஒத்திகை என்றால் முழுசாக இருக்க வேண்டும், ஆக்ஸிஜனைத் திறந்துவிடுங்கள் என்றார். அம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு கிளம்பியது.

இவ்வளவு படித்தும் இப்படி ஓர் ஏமாளியா என்று செடிக்குள் இருந்தபடி சிரித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஜீவராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆளில்லை என்றாராம் டொக்டர். இப்போது அக்கா எழுந்து உட்கார்ந்து, பிளேன்டீயில் சீனி பத்தவில்லை என்று தாதியோடு சண்டை போடுகிறாளாம். நான் போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

சாயந்தரம் ஹெலன் மிஸ் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒத்திகை அறிக்கை இருந்தது. முடிவு என்ற இடத்தில் 'தேறவில்லை' என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதில் முடித்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன செய்ய?

அவர் காரணத்தை விரலால் காட்டினார். நோயாளி இன்னும் திரும்பி வரவில்லை, ஆகவே ஒத்திகை முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். விதியை நிதானமாக விளக்கினார். தேறிய ஒத்திகையை ஒரு தடவை செய்தால் போதும். தேறாததை, மாணவர்கள் இங்கே இருக்கும் ஆறு வாரமும், ஒவ்வொரு செவ்வாயும் திரும்பச் செய்ய வேண்டும். அம்புலன்ஸோடு.

பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, என்னிடம் கற்ற தமிழில் கேட்டார்.

"அடுத்த செவ்வா யாரு?"

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் வீரம்மாவின் கண்புரையைப் பற்றிச் சொன்னேன்.

இருபது வயது மாணவிக்குக் கண்புரை வருமா என்று ஹெலன் மிஸ் பேனாவைக் கடித்தபடி யோசித்தார். இந்த உயரத்தில் எதுவும் வரலாம் என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.