'அடுத்த வாரம்' சார்

"யாரு?" என்றார் பேராசிரியர், லிஃப்ட் கதவு மூடிக்கொண்ட பிறகு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக இவரிடம் ஆராய்ச்சி பண்ணுகிறாள்; ஒரு முழத் தூரத்தில் நிற்கிறவளிடம் 'யாரு?' என்று ஒரு கேள்வி!

"நான்தான் சார், உங்க ஸ்டூடண்ட். ஞாபகம் இருக்கா?"

"அட, நீயா! அட்டெண்டர் எங்கே?"

"டிபன் பாக்ஸை மறந்துட்டாராம். எடுக்க ஓடியிருக்காரு."

இப்படி ஒரு நிமிஷம் கிடைக்காதா என்றுதான் காலையிலிருந்து வராந்தாவில் பதுங்கிக் கிடந்தாள். அட்டெண்டர் தோளில் கை போட்டுக்கொள்ளாமல் ஐயா ஓர் அடி எடுத்துவைக்க மாட்டார், அப்படி ஒரு பெரிய மனுஷத் தோரணை. அந்த அட்டெண்டரோ யாரையும் கிட்டே அண்டவிட மாட்டார்.

துறையில் பேராசிரியருக்கு 'அடுத்த வாரம்' என்றுதான் பெயர். அவள் ஆய்வேட்டை அவர் மேஜைமேல் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. எப்போது போய் நின்றாலும் "அடுத்த வாரம் வாம்மா." சரி, படிக்காமலே ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலைக்கலாமே என்றால், "வரிக்கு வரி படிக்காம நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்ல" என்று வசனம் வேறு.

இன்று மாலைக்குள் கையெழுத்தோடு ஆபீஸில் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்து. ஆறு வருஷமும் வீண். வீட்டுக்காரர் காலையில் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் இல்லேன்னா விட்டுடு. போதும் படிச்சது."

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மின்விசிறி ஓய்ந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கரண்ட் போச்சு சார். மேல பேட்டரி லைட் மட்டும் எரியுது."

மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். "ஜெனரேட்டர் ரிப்பேர்! ஆளைக் கூப்பிட்டிருக்கு! பயப்படாதீங்க!" என்று கீழே எங்கிருந்தோ ஒரு குரல் கத்தியது. இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பேர் மூச்சுக்கே காற்றுப் போதவில்லை. ஆபீஸைப் பூட்டிவிடுவார்களே என்று மறுபடியும் மணியை அழுத்தினாள்.

பேராசிரியர் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னானா?"

அவர் குரல் நடுங்கியதும் அவளுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. இந்த மனுஷர் இப்போது எங்கே ஓட முடியும்? பையிலிருந்து ஆய்வேட்டின் பிரதியை உருவினாள்.

"நீங்கதானே படிக்கல? நான் படிக்கிறேன். காதைப் பொத்திக்கிட்டாலும் விடமாட்டேன்."

"இங்கயா? அடுத்த வாரம்..."

"சார்!"

அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

நேரடியாக மறுக்காமலே நாம் எப்படி மறுக்கிறோம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பாடப்புத்தகத்தில் 'முடியாது', 'மாட்டேன்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். புதிதாகத் தமிழ் படித்தவர் தெருவில் இறங்கினால், அந்த இரண்டையும் யாருமே சொல்லாததால் திருதிருவென்று முழிக்கிறார். அவர்கள் அதற்குப் பதிலாகச் சொல்வதையெல்லாம் கடை, ஆபீஸ், வீடு, கதைப்புத்தகம் என்று அலைந்து பொறுக்கிச் சேர்த்திருந்தாள்.

"தையல்காரர்: 'ரெடிதான், பட்டன் மட்டும் வைக்கணும்.' இன்டர்வியூ எடுத்தவர்: 'தகவல் வரும்.' கைமாத்து கேட்டா மச்சான்: 'நானே உங்ககிட்ட கேட்கலாம்னு இருந்தேன்.'"

களுக்கென்று ஒரு சத்தம். நிமிர்ந்தாள். 'அடுத்த வாரம்' சிரித்துக்கொண்டிருந்தார்!

"மச்சான் பலே ஆளு. மேல?"

அவர் கம்பியை விட்டுவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"இரு. கதையில வர்ற பேச்சை எப்படி நம்பறது? எழுத்தாளர் காதுல விழுந்ததா, அவரா இட்டுக்கட்டினதா?"

"அதுக்குத்தான் சார் மூணாவது இயல்ல, தெருவுல கேட்டதையும் கதையில வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன்."

"சபாஷ்! படி, படி."

அடுத்த வரியைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். வருவது வரட்டும் என்று படித்தாள். "ஆசிரியர்: 'அடுத்த வாரம் வாம்மா.'"

அவர் சிரிப்பு நின்றது.

"அது மறுப்பு இல்லம்மா" என்றார் மெதுவாக.

"பின்னே என்ன சார் அது? பத்து மாசமா நான் அழாத அழுகையா!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. என்கிட்ட இத்தனை வருஷத்துல வந்ததுலயே இதுதான் உருப்படியான ஆய்வேடு. ஒரு வரி விடாம கடைசி வரைக்கும் படிச்சு முடி. வெளியே போனதும் முதல் வேலையா கையெழுத்து போட்டுத் தர்றேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு ஆசையாகக் கேட்கிற மனுஷர், மேஜைமேல் கிடந்ததை ஒரு நாள் புரட்டிப் பார்த்தால் என்ன குறைந்துபோயிருப்பார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கடைசி இயலில் பாதியைத் தாண்டியிருப்பாள். தலைக்கு மேலே இருந்த பேட்டரி விளக்கு சத்தமே இல்லாமல் அணைந்துபோனது. கும்மிருட்டு. பிடித்திருந்த காகிதம் என்ன, கையே தெரியவில்லை.

பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். வயசானவர், பயந்து கத்தப்போகிறாரே என்று அவர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார் அவர் உற்சாகமாக. "ஏம்மா நிறுத்திட்டே? படி!"