மூண்டு எண்ணின பிறகு

கிணற்றடியில் கஜானி ஜக்கும் கையுமாக நின்றாள். செங்கலடி பஸ் வர இன்னும் கால் மணித்தியாலம்தான். அதை விட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடும்.

“ஊத்தப் போறன். ஒண்டு, ரெண்டு, மூண்டு.”

தோளுக்கு மட்டும் ஒரு ஜக் தண்ணீர். கண்ணை இறுக மூடியிருந்த முகம் நடுங்கியது.

வேலிக்கு அப்பால் சீதேவிக்குப் பொறுக்கவில்லை. “தினமும் இந்தக் கூத்துத்தானா புள்ள? வாளியோட தலையில கவுத்துவிட வேண்டியதுதானே!”

“தண்ணி சடாரெண்டு உச்சியில விழுந்தா ஊசி குத்தின மாதிரி இருக்கும், மாமி. எண்ணிச் சொன்னாத் தாங்கலாம்.”

“உனக்கெப்பிடித் தெரியும்?”

“எனக்கும் அப்பிடித்தானே!”

மறுபடி மூன்று எண்ணி, கடைசி ஜக்கைத் தலையில் மெல்லச் சரித்தாள் கஜானி.

“முடிஞ்சுது. கண்ணைத் திறங்க, அம்மா.”

தாய் கண்ணைத் திறந்தாள். வெள்ளைச் சீருடையை நனைத்துக்கொண்டு பத்து வயது மகள் நின்றாள்.

“கிளினிக்கில உனக்கு ஆட்டிசம் எண்டு சொன்ன அண்டைக்குத்தான் என்னையே எனக்கு விளங்கினது,” என்றாள் தாய். “இப்பவும் தனிய ஊத்தப் பயம்தான். சின்னதில எனக்கு ஆரும் எண்ணல்ல, மகள். அடிச்சடிச்சுத்தான் ஊத்தினவங்க.”