எட்டுக் கட்டில், ஒரே காய்ச்சல்

"ஒண்ணைப் பாத்து எட்டும் எழுதிட்டீங்களா, சிஸ்டர்?"

டாக்டர் எட்டு நோயாளிகளின் காய்ச்சல் அட்டைகளையும் மேசைமேல் பரப்பியிருந்தார். மூன்றாம் நாள் எட்டுப் பேருக்கும் லேசாக வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் எட்டுப் பேருக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. இருமல்கூடப் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றாகவே குறைந்திருந்தது.

நர்ஸுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வேளாவேளைக்கு ஒவ்வொருத்தர் வாயிலயும் தெர்மாமீட்டர் வெச்சுத்தான் எழுதினேன். கையெழுத்துதான் என்னோடது டாக்டர், காய்ச்சல் அவங்கவங்களோடது."

டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். இவர் பேச்சை நிறுத்திவிடுவார். நர்ஸுக்கு அதுதான் பயம்.

நெஞ்சுச் சளிக் காய்ச்சலுக்கு வந்திருக்கும் புது மாத்திரை, பழையதைவிட நன்றாகக் கேட்கிறதா, உடம்புக்கு ஏதும் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. நாலு பேருக்குப் புதுசு, நாலு பேருக்குப் பழசு. முதல் நாளே எட்டுப் பேரிடமும் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மாத்திரை இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. யார் டப்பாவில் எது என்பது டாக்டருக்கே தெரியாது. அலமாரியில் பூட்டி வைத்த உறைக்குத்தான் தெரியும்.

இரண்டு வருட உழைப்பு. மாலையில் பெரிய டாக்டர் வந்து அட்டைகளைப் பார்ப்பார். வித்தியாசம் தெரியாவிட்டால் சோதனைக்கு மங்களம் பாடிவிடுவார்.

ஆக, ஒன்று நர்ஸ் சொல்வது பொய். இல்லையென்றால் மருந்தே பொய். இதில் எது தேவலை என்று டாக்டருக்குப் புரியவில்லை.

"வாங்க, நேர்லயே பாத்துடலாம்."

வார்டில் கடைசி மாத்திரை போடும் நேரம். ஏழு பேர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் இன்னும் போடல?"

"எட்டாம் நம்பர் வாத்தியார் பாத்ரூம் போயிருக்காரு" என்றார் முதல் கட்டில் கண்டக்டர். "வந்துடட்டும் டாக்டரம்மா. ஒருத்தர விட்டுட்டு நாங்க மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

"விசில் குடுங்கண்ணே, ஓடி வந்துடுவாரு" என்றார் பக்கத்துக் கட்டில் தையல்காரர். ஏழு பேரும் சிரித்தார்கள்.

வாத்தியார் வந்தார். எல்லாரும் சேர்ந்து விழுங்கினார்கள். டாக்டர் ஒவ்வொரு முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எட்டு நெஞ்சிலும் அடியில் துளி கரகரப்பு மிச்சம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

நர்ஸின் முகம் மலர்ந்தது. டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. காலிக் கட்டில் ஒன்றின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை. "என்னங்க டாக்டரம்மா, நாங்க பொழச்சதுல உங்களுக்கு வருத்தமா?"

"அதில்லைங்க. உங்கள்ல நாலு பேருக்குத்தான் புது மருந்து. அது நல்ல மருந்துன்னா அந்த நாலு பேர் முன்னாடியே தேறியிருக்கணும். எல்லாரும் ஒண்ணாத் தேறிட்டீங்க. அப்ப ரெண்டு வருஷமா நான் நம்பின மருந்துல ஒண்ணுமே இல்லேன்னுதானே அர்த்தம்?"

தையல்காரர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சொல்லிவிடலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கண்டக்டர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு பேருக்கு நல்லது, நாலு பேருக்குப் பழசுன்னா என்னங்க நியாயம்? மொத நாளே எட்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து, சமமாப் பிரிச்சுக்கிட்டோம்!"