முதல் பூ

கவிதைத் தொகுப்பு வெளியானதும், அதில் இடம் கிடைக்காத கவிஞர்கள் வரிசையாக வந்து தொகுப்பாசிரியரின் உயிரை எடுத்தார்கள். இப்போது வந்த பெண்ணை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சார், என் கவிதை விஷயமா…”

“தொகுப்பை இங்கிலீஷ்ல ஆந்தாலஜிங்கிறோமே, அது கிரேக்கச் சொல்லும்மா. பூப்பறிச்சுச் சேர்க்கிறதுன்னு அர்த்தம். தோட்டத்துல இருக்கிற எல்லாப் பூவையுமா பறிக்க முடியும்? அடுத்த தடவை பார்க்கலாம்.”

“தோட்டக்காரியைக் கேட்டுட்டுப் பறிக்கணும்னு கிரேக்கத்துல சொல்லலையா?”

அவர் நிமிர்ந்தார். அவள் மேஜைமேல் இருந்த தொகுப்பைத் திறந்து முதல் கவிதையைக் காட்டினாள். “இது என்னுது. யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“முதல் கவிதையாவே போட்டிருக்கேனேம்மா! பெருமைதானே?”

“வேலி தாண்டிப் பறிச்ச பூவை மாலையில முதல்ல கோத்தாலும் திருட்டு திருட்டுதான்” என்றவள், அந்தப் பக்கத்தைச் சர்ரென்று கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“மிச்சப் பிரதிகள்ல எல்லாம் இந்தப் பக்கத்தை நீங்களே கிழிச்சிடுங்க.”