விளையாடும் அனுமதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் குணாளனின் சிவப்புக் கார் கிளம்ப மறுத்தது.

தொலைக்காட்சித் திரையில் அது பந்தயக் கோட்டின்மேல் நின்றிருந்தது. அதை மறைத்தபடி சாம்பல் நிறக் கட்டத்துக்குள் ஒரு வரி: ‘இந்த கேமின் சேவை இன்றுடன் நிறைவு பெற்றது.’

பட்டனை அழுத்தினான். அதே வரி. இன்னும் பலமாக அழுத்தினான், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தே.

செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். ஆறு நாளும் பலகைச் சுமைகளைத் தூக்கி இறக்கிவிட்டு, ஏழாவது நாள் இந்தக் காரில்தான் வேகமாகப் போவான்.

ஆறு வருடத்துக்கு முன் லோபாக்கில் ஒரு கடையில் வாங்கிய கேம். அதன் வட்டு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். நாலு பேரோடு சேர்ந்து ஆடுகிற கேம்கூட இல்லை இது. தனியாக ஓட்டுவான், நேற்றைய நேரத்தை இன்றைக்கு முந்துவான். அதற்கு எந்த ஊரிலோ இருக்கிற செர்வர் எதற்குத் தலையாட்ட வேண்டும்?

வாங்கிய அன்றே அது அரைகுறையாகத்தான் வந்தது. மீதியை இணையத்தில் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் குடியிருக்கிற தோட்டத்துக்குள் கிடைக்கிற இணைய லைனில் அது மூன்று நாள் இறங்கியது.

அப்புறம் சீசன் பாஸ் என்று மறுபடி மறுபடி காசு கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பெட்டி பெட்டியாக விற்றார்கள். திறந்தால் காரில் ஒட்டுகிற ஸ்டிக்கர். இருநூறு மணி நேரம் ஓட்டி அவன் ஜெயித்த சிவப்புக் காரை, அடுத்த மாதமே காசு கொடுத்தவனுக்கெல்லாம் ஒரே நிமிடத்தில் கொடுத்தார்கள்.

கேமைச் செய்தவர்கள்மேல் அவனுக்கு வருத்தமில்லை. மழை பெய்த தார்ச்சாலையில் விளக்கு மினுங்குவதை யாரோ ஒருத்தன் ஆசை ஆசையாக வரைந்திருக்கிறான். விற்கிறவன்தான் வேறு ஆள்.

கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் எழுதியதில்லை என்று முதல் வரியிலேயே தெரிந்தது.

‘அன்பு விளையாட்டாளரே, நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதை விளையாடுவதற்கான அனுமதியை மட்டுமே. எங்களுடைய புதிய கேமை உங்களுக்கு இருபது சதவீதக் கழிவில் வழங்குவதில் மகிழ்கிறோம்.’

மகிழ்கிறார்களாம்.

காதுமடல் சுட்டது. கையிலிருந்த கண்ட்ரோலரை மெத்தையில் வீசிவிட்டுப் போனை எடுத்தான். விரல் ஆங்கிலத்தில் தட்டியது, வாய் தமிழில் ஏசியது.

“காசு வாங்குறப்ப அனுமதின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஒடைஞ்சத சரிபண்ணித் தர்றோம்னீங்க, பண்ணல. நாங்களே சமாளிச்சுக்கிட்டோம். கேட்டப்பல்லாம் கட்டுனோம். இப்ப கதவச் சாத்திட்டு, புதுசு ஒன்னு இருக்கு, கழிவுல தர்றோம், வாங்கிக்கன்னா என்னா அர்த்தம்? உள்ள நாங்க கழிச்ச காலம் யாருது? அதுவும் அனுமதிதானா?”

சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி லோகேஸ்வரி, ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் குரல் இப்படி எழும்பி அவள் கேட்டதில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறவன்.

கேமுக்குப் போய் இந்தக் கத்தலா என்று கேட்கப்போகிறாள் என நினைத்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

“இப்படித்தாங்க எழுதணும்,” என்றாள். “ஒரு வரியும் மாத்தாதீங்க லா. அஞ்சு மணிக்கு எல்லாரும் கையெழுத்துப் போட கோயிலுக்கு வந்துருவாங்க.”

குணாளன் போனில் தட்டியதை முதல் வரியிலிருந்து படித்தான்.

மூன்று வாரத்துக்கு முன், அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்தின் முப்பத்தொரு வீடுகளுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்திருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. வாடகை கட்டியிருந்தாலும் அவர்கள் அங்கே இருந்தது நிர்வாகத்தின் அனுமதியில்தான். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் எழும்புகிற தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், வீடு வாங்க விரும்பினால் கழிவு உண்டு.

பதில் எழுதுகிற வேலையை, ஆங்கிலம் படித்தவன் என்று அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

தினமும் உட்கார்ந்தான். ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரைக்கும் வரும். உடனே, தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் ஜன்னலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அப்பா ஞாபகத்துக்கு வருவார். விரல் நின்றுவிடும். அவன் பிறந்த வீடு, அப்பா செத்த வீடு. அதைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தைப் படித்தபோது அவனுக்குக் கோபமே வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

லோகேஸ்வரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “யாருக்குன்னு பேரு போட்டாச்சா?”

“இனிமேதான்.”

காரைப் பற்றிய இரண்டு வரிகளை எடுத்துவிட்டான். ‘கேம்’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக அழித்து ‘வீடு’ என்று தட்டினான். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது.

கடைசியாக, கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில் நிர்வாகத்தின் பெயரைப் போட்டான்.

அதற்கு முன்னால் ‘மதிப்பிற்குரிய’ என்று போடவில்லை.